ஸ்க்ரைப் கொடுத்தாச்சு, கடமை முடிஞ்சாச்சா?

ஒவ்வொரு பொதுத்தேர்வு சீசனிலும் ஒரு செய்தி வரும்: "மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகை." சொல்வதை எழுத ஆள் உண்டு, கூடுதல் நேரம் உண்டு. படிச்சுட்டு "பரவாயில்லையே"ன்னு நாமளும் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம்.

கொஞ்சம் நில்லுங்க தோழர்களே.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மாணவியை நினைச்சுப் பாருங்க. பேனா பிடிக்கக் கை ஒத்துழைக்காது. இவங்கள்ல பலருக்குப் பேச்சும் குழறும். அந்தப் பொண்ணு பேசினா அம்மாவுக்குப் புரியும், பக்கத்து பெஞ்சு தோழிக்குப் புரியும். தேர்வு நாள் காலையில முதல் தடவையா முகம் பார்க்கிற ஸ்க்ரைப்புக்கு எப்படிப் புரியும்? கணக்குல அடுக்குக்குறி எங்க வருது, அடைப்புக்குறி எங்க முடியுதுன்னு எத்தனை தடவை சொல்லிப் புரிய வைப்பாங்க? மூணு வருஷம் படிச்சது அந்தப் பொண்ணு. விடைத்தாள்ல ஏறுறது ஸ்க்ரைப் காதுக்கு எட்டினது மட்டும்.

ஸ்க்ரைப் வேண்டாம்னு யாரும் சொல்லல. வேணும்கிறவங்களுக்கு அது உரிமை. ஆனா "நானே எழுதுறேன், எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுங்க"ன்னு கேக்குற பிள்ளைக்கு என்ன பதில்?

"அதுக்கெல்லாம் செலவு ஆகும்"னு சொல்றவங்களுக்கு, ஒரு இன்ஜினியரிங் பட்டதாரியா பதில் சொல்றேன்.

👉 ஷிஃப்ட்டையும் இன்னொரு விசையையும் ஒண்ணா அழுத்த முடியாதவங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா அழுத்தலாம். அது ஸ்டிக்கி கீஸ். 1995ல வந்த விண்டோஸ்லயே இருக்கு.

👉 கை நடுங்கி ஒரே எழுத்து நாலு தடவை விழுந்தா, அதை ஒண்ணா எடுத்துக்கிறது ஃபில்டர் கீஸ்.

👉 மவுஸ் பிடிக்க முடியலையா? நம்பர் விசைகளாலேயே அம்புக்குறியை நகர்த்தலாம்.

👉 ஒரே ஒரு பட்டனைத்தான் அழுத்த முடியுமா? திரையில விசைப்பலகை வரும், வெளிச்சம் ஒவ்வொரு வரிசையா நகரும், வேண்டிய இடத்துல தட்டினா எழுத்து விழும்.

இதுக்கெல்லாம் தனியா ஒரு பைசா கொடுக்க வேண்டாம். உங்க வீட்டு லேப்டாப்லயே இருக்கு, இப்பவே செட்டிங்ஸ் திறந்து பாருங்க. ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையின் அசைவை வெச்சே எழுதினாரே, அவருக்காக இன்டெல் உருவாக்கின மென்பொருள்கூட 2015லயே ஓப்பன் சோர்ஸா வெளியாகிடுச்சு. டவுன்லோடு பண்ணக் காசு கிடையாது.

தமிழுக்கு வருவோம். தமிழ்99 விசைப்பலகை 1999ல தமிழ்நாடு அரசே ஏத்துக்கிட்டது. அதுல 12 உயிர், 18 மெய் எல்லாமே ஷிஃப்ட் தொடாம அடிக்கலாம். ஷிஃப்ட் வேண்டியது ஜ, ஷ மாதிரி கிரந்த எழுத்துகளுக்குத்தான். 'தங்கம்'னு எழுத தமிழ்99ல 5 தட்டு போதும். அதையே தங்கிலீஷ் வழியில அடிச்சா 7. நமக்கு அது பெரிய விஷயமே இல்ல. ஒரு விரலால, ஒரு தட்டுக்கு மூணு நொடி எடுத்து எழுதுற பிள்ளைக்கு 3 மணி நேரத் தேர்வுல அந்த ரெண்டு தட்டு என்னன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒற்றை விரலுக்கும் ஒத்துவரும் விசைப்பலகை நம்ம மொழிக்கு இருக்கு. அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கா?

சரி, சட்டம் என்ன சொல்லுது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17: 40 சதவீதமோ அதுக்கு மேலோ குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகமும் தகுந்த உதவிக் கருவிகளும் இலவசமாக் கொடுக்க அரசு நடவடிக்கை எடுக்கணும். ஒன்றிய அரசு 2018 ஆகஸ்ட்ல வெளியிட்ட தேர்வு நெறிமுறை: கம்ப்யூட்டர்ல எழுதுறதைத் தேர்வர் தேர்ந்தெடுக்கலாம், முந்தின நாளே வந்து கம்ப்யூட்டரைச் சோதிச்சுப் பார்க்கலாம், தனக்கேத்த விசைப்பலகை, மவுஸ் கொண்டு வரலாம். மணிக்குக் குறைஞ்சது 20 நிமிஷம் ஈடுநேரம். அதே 2018ல சிபிஎஸ்இ தன் பொதுத்தேர்வுல லேப்டாப்பை அனுமதிச்சது.

சிபிஎஸ்இ பள்ளியில படிக்கிற பிள்ளைக்கு விதியிலேயே இருக்கிற ஒண்ணுக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளையோட அம்மா ஏன் மனுவைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையணும்?

2010ல 'மாற்றுத்திறனாளி'ன்னு பெயர் மாத்தினோம். மரியாதையான பெயர், பெருமைதான். 2011ல இருந்து இலவச லேப்டாப் கொடுத்தோம். நல்ல திட்டம்தான். பெட்டியைப் பிரிச்ச அப்புறம் கை வராத பிள்ளை அதை எப்படிப் பயன்படுத்தும்னு பக்கத்துல உக்காந்து சொல்லித் தர வேண்டியவங்க சிறப்புப் பயிற்றுநர்கள். அவங்களையே பல வருஷமா தொகுப்பூதியத்துல வெச்சிருந்தா வேலை எப்படி நடக்கும்?

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இவங்க வீட்டுல அம்மா அப்பா, அண்ணன் தங்கச்சின்னு சேர்த்துப் பாருங்க, எத்தனை லட்சம் ஓட்டு! ஆனா ஓட்டு கேக்க வர்றப்போ மட்டும் ஞாபகம் வர்ற கூட்டம் இல்ல இவங்க.

நம்ம கோரிக்கை தெளிவா இருக்கு:

1. 10, 11, 12 வகுப்பு எந்தத் தேர்வா இருந்தாலும், கம்ப்யூட்டர்ல எழுதுறது பொது விதியா இருக்கணும். தனித்தனி மனு, கடைசி நேர அனுமதின்னு அலைக்கழிக்கக் கூடாது.

2. தேர்வுக்கு மட்டும் கொடுத்தா பத்தாது. ஆறாம் வகுப்புல இருந்தே அதே கருவியில பழகணும். நீச்சல் சொல்லித் தராம ஆத்துல இறக்கி விடுற கதை வேண்டாம்.

3. ஒன்றியத்துக்கு ஒரு கருவி மையம். டிராக்பால், ஜாய்ஸ்டிக், பெரிய விசைப்பலகை, விசை மேல பொருத்துற ஓட்டை போட்ட தட்டு எல்லாம் அங்க இருக்கணும், பிள்ளைக்கு எது ஒத்துவருதுன்னு பார்த்துக் கொடுக்கணும்.

4. சிறப்புப் பயிற்றுநர்களுக்குப் பணி நிரந்தரம், இந்தக் கருவிகளில் பயிற்சி.

5. அரசு பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரி ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுகளை இந்த மையங்களோட இணைக்கணும். பழைய மவுஸோட இடது பட்டன்ல ரெண்டு ஒயர் சாலிடர் பண்ணி வெளிய ஒரு பெரிய ஸ்விட்ச் கொடுக்கிறது ஈசிஇ பசங்களுக்கு ஒரு மதியத்து வேலை. ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கி, வைவா முடிஞ்சதும் பரண்ல தூக்கிப் போடுறதுக்கு, இது ஒரு பிள்ளையோட மேசைக்குப் போய்ச் சேரட்டும்.

பேச்சுத் திறன் குறைஞ்ச பிள்ளைகளுக்கான 'ஆவாஸ்' செயலி சென்னையில பிறந்தது, இன்னைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளும் அதுல பேசுறாங்க. நமக்குத் திறமை இல்லைன்னு சொல்ல முடியாது.

தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை. உங்க ஊர் அரசுப் பள்ளிக்குப் போங்க, தலைமையாசிரியர்கிட்ட மரியாதையா மூணு கேள்வி கேளுங்க. ஹைடெக் லேப் தரைத்தளத்துலயா, மாடியிலயா? வீல்சேர் உள்ள போகுமா? கை இயலாத பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டராவது செட் பண்ணி வெச்சிருக்கா?

பதிலைப் பள்ளி, ஒன்றியம் பெயரோட கமென்ட்ல போடுங்க. பிள்ளைங்க முகத்தைப் போட்டோ எடுக்காதீங்க, படி இருந்தா படியை எடுங்க. தொகுத்து மாவட்டவாரியா கல்வித் துறைக்கு மனுவாக் கொடுப்போம். பதில் வர்ற வரைக்கும் விட மாட்டோம்.

தன் விடையைத் தானே எழுதணும்னு ஒரு பிள்ளை கேக்குது. அதுக்குச் சலுகைன்னு பேர் வைக்காதீங்க.

பகிருங்கள்!

#என்விடை_நானேஎழுதுவேன்
#சலுகைஅல்ல_உரிமை