தாத்தாவின் மெடலும் பேரனின் நான்கு வருஷமும்

கல்கத்தா: ஆண்டுதோறும் டிசம்பர் 16ந் தேதி இங்குள்ள ராணுவக் கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்தில் வெற்றி தினம் கொண்டாடப்படுகிறது. 1971ல் லெப்டினன்ட் ஜெனரல் அரோரா வங்க தேச யுத்தத்தை நடத்தியது இந்தக் கோட்டையிலிருந்துதான். டாக்காவில் சுமார் 93 ஆயிரம் பாகிஸ்தானியர் சரணடைந்தனர். வில்லியம் கோட்டை என்ற பழைய பெயர் மாறி, இப்போது அது விஜய் துர்க் ஆகியிருக்கிறது. அன்று இருபது வயது ஜவானாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிய தாத்தாக்கள். அவர்களுடைய பேரன்மார் பட்டாளத்தில் சேரும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

தாத்தா போட்ட உடுப்பைத் தானும் போட வேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்குப் புதிதல்ல. வேலூர் என்றால் ஹௌராவில் காட்பாடிக்கு டிக்கெட் எடுக்கும் வங்காளிகளுக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். நமக்கோ அது பட்டாளத்து ஜில்லா. அங்குள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். உலக யுத்த காலம் தொட்டுத் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள். 2014 ஏப்ரலில் காஷ்மீரில் ஷோபியான் அருகே உயிர்நீத்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் தாத்தாவும் ராணுவத்தில் இருந்தவரே.

ஆனால் தாத்தா வீட்டுக்குக் கொண்டுவந்தது மெடல் மட்டுமல்ல. பதினைந்து வருஷம் சேவை முடித்த ஜவானுக்கு ஆயுள் வரை பென்ஷன் உண்டு. காலமானால் மனைவிக்குக் குடும்ப பென்ஷன். அத்துடன் மிலிட்டரி கான்டீனும் வைத்திய வசதியும் மாஜி ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் உண்டு. அந்தப் பணத்தில்தான் ஓலை வீடு ஓட்டு வீடாயிற்று; பிள்ளைகள் படித்தார்கள். ஊரில் அவருக்கிருந்த மதிப்பில் இதற்கும் பங்குண்டு.

பேரனின் நிலை வேறு. 2022 ஜூன் 14ந் தேதி மத்திய சர்க்கார் அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. அதன்படி பதினேழரை முதல் 21 வயதுக்குள் சேருகிறவருக்கு நான்கு வருஷ சேவை. அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன் வீடு திரும்ப வேண்டும். அதிலும் ஏறக்குறைய பாதி, மாதாமாதம் அவர்கள் சம்பளத்தில் பிடித்த தொகையும் அதன் வட்டியுமே. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, மாஜி ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் இல்லை. ராணுவத்தினரின் மகனுக்கு ஆட்சேர்ப்புப் பரீட்சையில் போனஸ் மார்க் உண்டு. பேரனுக்கு அதுவும் கிடையாது.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. எல்லையில் நிற்கும் படை இளமையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பென்ஷன் செலவு பெருகி வருவதும் உண்மை. திரும்பி வருகிறவர்களுக்குத் துணை ராணுவப் படைகளில் ஒதுக்கீடும் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆயினும் ஒதுக்கீடு வேறு, கையில் வேலை வேறு என்பது சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட்ட எவருக்கும் தெரியும்.

திட்டம் வந்த வாரத்தில் பீகாரிலும் செகந்திராபாத்திலும் ரயில்கள் எரிந்தன. ரயிலைக் கொளுத்துவதை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் எதிர்ப்பில் இறங்கியவர்களில் பலர் பட்டாளத்துக்காகவே வருஷக்கணக்கில் விடியற்காலையில் ஓடிப் பழகியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. நமது மாநிலத்தின் டார்ஜிலிங் மலையிலும் அதையடுத்த நேபாளத்திலும் கூர்க்காக்கள் பாட்டன் பூட்டன் காலத்து ரெஜிமெண்டைத் தேடிச் சேருவது வழக்கம். நான்கு வருஷத்துக்குப் பிறகு பிள்ளைகளின் கதி என்ன என்ற கவலையும் சேர்ந்து, 2022ல் நேபாளம் புதிய முறையில் ஆட்சேர்ப்பு நடத்த இசையவில்லை.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருகியது. மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து பர்மா வரை போன தமிழர்கள் பலர். யுத்தம் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் கலைக்கப்பட்டு, பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். மாநில அரசுகள் பிற்காலத்தில் அவர்களுக்கு உதவித் தொகை வழங்க வேண்டியதாயிற்று. அந்த வரலாறு திரும்பக் கூடாது.

2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய முதல் அணிக்கு 2027 தொடக்கத்தில் நான்கு வருஷக் கணக்கு முடிகிறது. சர்க்காரின் வாக்குறுதிக்கு அதுதான் பரீட்சை. நிரந்தரமாவோரின் விகிதத்தை உயர்த்துவதும், திரும்புகிறவர்களுக்கு மாஜி ராணுவத்தினர் அந்தஸ்தாவது கொடுப்பதும் நியாயம். தாத்தாவின் பெயரைக் காப்பாற்றப் புறப்படும் பையனின் மனசை, குறைந்த செலவில் ஆள் பிடிக்கும் வழியாக எந்த சர்க்காரும் நினைக்கக் கூடாது.

லேக் மார்க்கெட்டிலும் ஹௌராவிலும் உள்ள தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பையன் போக விரும்பினால் தடுக்க வேண்டாம். தாத்தாவின் மெடலைக் காட்டுகிற கையோடு அவருடைய பென்ஷன் புத்தகத்தையும் காட்டுங்கள். தனக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்து அவன் கையெழுத்துப் போடட்டும்.