மண்டூர்த் திரையும் எலுமிச்சைப் புல் வாசனையும்

எழுவான்கரையின் குருமண்வெளித் துறையில் 'பாதை' ஏறி, மட்டக்களப்பு வாவியைக் கடந்து, படுவான்கரை மண்டூருக்குச் சென்றவர்களுக்கு அந்தப் பயணத்தின் வாடை மறந்திராது. சேறும் கண்டலும் மீனும் கலந்த அந்த வாடையை எவரும் நமக்காகத் தயாரித்து வைக்கவில்லை.

உல்லாசப் பயணத்துறைக்கு அது ஆகாது. வாசலில் குளிர்ந்த துவாலை, கையில் இளநீர், வரவேற்பு மண்டபத்தில் எலுமிச்சைப் புல் தைலம், எங்கிருந்தோ கசியும் குழலோசை. இவையெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்யப்படுபவை. எத்தனை புலன்களைத் தொடுகிறோமோ அந்த அளவுக்கு அனுபவம் மனத்தில் பதியும் என்று 1998இல் பைன், கில்மோர் என்ற இரு அமெரிக்கர்கள் வணிகர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

குளிர்ந்த துவாலை எனக்கும் பிடிக்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை. தைலத்தை மணக்கவிடுவதற்காகக் கருவாட்டுப் பந்தலை அகற்றச் சொல்வதும், கரைவலைக்காரனின் அம்பாவை இரைச்சல் என்பதும்தான் என் கோபத்துக்குக் காரணம்.

பாடும் மீனையே எடுத்துக்கொள்வோம். பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து, மறு முனையில் காதை வைத்துக் கேட்பது நம்மவர் வழக்கம். 1950களில் லாங் அடிகளாரும் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் காத்திருந்துதான் அதைப் பதிவு செய்தார். இயந்திரப் படகில் விளக்கும் பாட்டுமாக ஆட்களை ஏற்றிச் சென்று அதைக் கேட்க வைப்பேன் என்பது, விற்கும் பொருளையே அழித்துவிட்டு விற்பதாகும்.

இனி மண்டூர். சின்னக் கதிர்காமம் எனப்படும் கந்தசுவாமி கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் இன்றிப் பூசை செய்கிறார். அடியவரின் கண்ணுக்குக் கிடைப்பது திரை மட்டுமே. எல்லாவற்றையும் காட்டியும் கேட்கச் செய்தும் பணமாக்கும் தொழிலுக்கு இக்கோயில் ஒரு மறுப்பு. ஆயினும் அந்த மறுப்பையே 'மௌன அனுபவம்' என்று விலைச்சீட்டு ஒட்டி விற்க இந்தத் தொழிலால் முடியும். அதனால்தான் அஞ்சுகிறேன்.

திருவிழா நிறைவில் ஆலாத்தி ஏந்தும் சிறுமியர் மயங்கி விழுவதுண்டு. ஊர் அவர்களைத் தன் பிள்ளைகளாகத் தாங்கிக்கொள்கிறது. பணம் கட்டி வந்தவனின் கமராவுக்கோ அதைவிடச் சிறந்த படம் இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் யார் அனுமதி கேட்பது?

கோயில் வண்ணக்கர்மாருக்கும் போரதீவுப்பற்றுப் பிரதேச சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். மண்டூருக்கு வருகிற எவரையும் தடுக்க வேண்டாம். அவர்கள் வருகிறவர்களாகவே வரட்டும். கட்டணம் வாங்கி முன்வரிசையில் இடம் பிடித்துத் தரும் எந்த ஏற்பாட்டுக்கும், அது எவ்வளவு நன்கொடையோடு வந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.