வெயில் ஒரு தடையா?

“நம்மூர் வெயிலை மின்சாரக் கார் தாங்குமா?” கோப்பெங்கில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அச்சத்தில் நியாயம் உண்டு. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் நிசான் லீஃப் கார்கள் பலவற்றின் மின்கலத் திறன் விரைவாகக் குறைந்தது. அவற்றின் மின்கலத்தைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு இல்லை. இன்றைய புதிய கார்கள் பலவற்றில் அது உண்டு. வாங்குமுன் கேட்டறிவது நல்லது.

ஈப்போ போய்வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். குளிர்சாதனம் ஓடினாலும் மின்கலத்தில் சிறு பகுதியே செலவாகும்.

என் கவலை வேறு. தரைவீட்டாருக்கு நிழலும் இரவு மின்னேற்றமும் வாசலிலேயே கிடைக்கும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த நம்மவர்க்கு? அங்கே மின்னேற்றி அமைக்கும்படி நிர்வாகங்களை வலியுறுத்தப் படித்த நாமே முன்வர வேண்டும்.