ஓடுகிற செயலியில் கை வைக்கத்தான் வேண்டும்

ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் எழுதப்பட்ட இணையச் செயலிகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பெரும்பதிப்பு வந்து நிற்கும். அப்போதெல்லாம் மென்பொருள் அலுவலகங்களில் எழும் பேச்சு ஒன்றுதான்: நன்றாக ஓடுவதில் கை வைக்காதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்கு ஆதரவாக நான்கு வாதங்கள் சொல்லப்படுகின்றன. நான்கும் நிற்கக்கூடியவை அல்ல.

முதல் வாதம்: தொடாமல் விட்டால் செயலி அப்படியே ஓடும்.

செயலியின் நிரல் மாறாமல் இருக்கலாம். அதைச் சுற்றியுள்ளவை மாறாமல் இருப்பதில்லை. 2017 ஏப்ரலில் வெளிவந்த ஜாங்கோ 1.11தான் பைத்தான் 2.7இல் ஓடிய கடைசிப் பதிப்பு. 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2க்கான ஆதரவு முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜாங்கோ 1.11க்கும் முடிந்தது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அந்தத் திட்டங்களிலிருந்து திருத்தம் வராது. இதன் விலை என்ன என்பதை அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் காட்டியது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஃபிரேம்வொர்க்கில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளியானது. அது போடப்படாத ஒரு செயலி வழியாக மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்தார்கள். அங்கே திருத்தமாவது இருந்தது. ஆதரவு முடிந்த பதிப்பில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

இரண்டாம் வாதம்: நாலைந்து பதிப்புகள் சேரட்டும், ஒரேயடியாகத் தாண்டினால் உழைப்பு மிச்சம்.

உண்மை நேர்மாறானது. ஜாங்கோ எந்த வசதியையும் திடீரென்று நீக்குவதில்லை. முதலில் எச்சரிக்கை தரும், பிறகே நீக்கும். ஒரு வாடிக்கையாளரின் பதிவை அழித்தால் அவருடைய ஆர்டர்களை என்ன செய்வது என்று சொல்லும் ‘ஆன் டிலீட்’ விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பு, அதை எழுதாத இடங்களை எச்சரிக்கத் தொடங்கியது. 2017 டிசம்பரில் வந்த 2.0 அதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு பதிப்பாக ஏறியவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்தது. 1.8இலிருந்து 2.0க்குத் தாவியவர்களுக்கு எல்லாப் பிழைகளும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

1.11 பதிப்பு பைத்தான் 3இலும் ஓடும் என்பதால் அது ஒரு பாலமாகவும் அமைந்தது. ஜாங்கோவைத் தொடாமல் முதலில் பைத்தானை மட்டும் மாற்றலாம். அது நிலைத்தபின் ஜாங்கோவை மாற்றலாம். ஏதாவது உடைந்தால் காரணம் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

மூன்றாம் வாதம்: இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிதாகவே எழுதிவிடலாம்.

இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் அதைத்தான் செய்தது. 1997இல் வந்த 4.0க்குப் பிறகு, நிரலை அடியிலிருந்து எழுத முடிவெடுத்ததால் 5 என்ற பதிப்பே வெளிவரவில்லை; 6 வர 2000 நவம்பர் ஆயிற்று. அதற்குள் சந்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கைக்குப் போய்விட்டது. கிட்ஹப் வேறு வழியில் போனது. ஒரே நிரலைப் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓடும்படி திருத்தித் திருத்தி, ரெயில்ஸ் 3.2இலிருந்து 5.2க்கு ஒன்றரை ஆண்டில் ஏறி, 2018 ஆகஸ்டில் வேலையை முடித்தது. பழைய நிரலில் பல ஆண்டு அனுபவம் படிந்திருக்கிறது. அதை வீசுவது அந்த அனுபவத்தையே வீசுவது.

நான்காம் வாதம்: மாற்றினால் தமிழ்த் தரவு கெட்டுவிடும்.

இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் கோளாறு பெரும்பாலும் பழைய பதிப்பிலேயே இருக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றின் ஆர்டர் பட்டியலில் ‘மங்களூர்’ என்ற ஊர்ப்பெயர் வருவதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு இதில் ஐந்து எழுத்துகள். யூனிகோடில் எட்டுக் குறியீடுகள். யூடிஎஃப்-8 கோப்பில் 24 பைட்டுகள். சிஎஸ்வி கோப்பிலிருந்து இதைப் படிக்கும் பைத்தான் 2 பைட்டுகளையே எண்ணும். லேபிளில் அச்சிட முதல் பத்தை வெட்டச் சொன்னால், ‘மங்’ என்பதோடு உடைந்த ஒரு பைட்டும் வரும். பைத்தான் 3 குறியீடுகளை எண்ணுவதால் முழுப்பெயரும் வரும். ஆனால் அதனிடமும் முதல் ஐந்தைக் கேட்டால் கிடைப்பது ‘மங்கள’.

பைட்டுகளை டீகோட் செய்யாமல் ஸ்டிரிங்காக மாற்றினால் பைத்தான் 3 பிழை காட்டாது; பெயருக்குப் பதில் குறிமொழி வரிசை ஒன்று தரவுத்தளத்தில் போய் அமரும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரே பைட் என்பதால், வெட்டுவதில் வரும் கோளாறை ஆங்கிலப் பெயர்களை வைத்து நடத்தும் சோதனை பிடிக்காது. எனவே தமிழ்ப் பெயர்களை வைத்துச் சோதனை எழுதி, தரவுத்தளத்தின் பிரதி ஒன்றில் ஓட்டிப் பார்த்து, லேபிளைக் கண்ணால் படித்த பிறகே மாற்றத்தை நேரலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழைய கருத்துக்கு இடமுள்ள சூழல்கள் இரண்டு. ஒன்று, விரைவில் மூடப்படவிருக்கும் செயலி. மற்றொன்று, பெயர் ஒன்றாக இருந்தும் ஃபிரேம்வொர்க்கே வேறாகிவிடும் நிலை. 2016இல் வந்த ஆங்குலர் 2 அப்படிப்பட்டது. அங்கும் இரண்டையும் அருகருகே ஓடவிட்டு மெல்ல நகர வழி தரப்பட்டது. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31இல் முடிந்தது. ஆகவே தொடாமல் விடுவது என்று முடிவெடுத்தாலும், ஆதரவு முடியும் நாளுக்கு முன்பாகச் செயலியை மூடும் நாளைக் குறித்துவைக்க வேண்டும். அந்த நாளைக் குறிக்க முடியாத செயலிக்கு மேம்படுத்தல் ஒன்றே வழி.