மின்வில்லும் நம் கல்விநெறியும்

விழாக் கொண்டாடும் கல்லூரிக்கு ஒரு வளைவு வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். வாயிலில் தோரணவளைவு எழுப்பி, அதன் நெற்றியிற் கல்லூரியின் பெயரையும் தூண்களில் நன்கொடையாளர் பெயர்களையும் பொறித்துவிட்டால் விழா நிறைவெய்தியதாக மகிழ்கின்றோம். அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், பொத்துவிலிலும் அதன் அயலூர்களிலும் வாழும் பழைய மாணவராகிய நாம், இவ்விழாவின் நினைவாக வேறொரு வில்லைக் கல்லூரிக்கு வழங்குதல் தகும் எனக் கருதுகின்றோம். அது மின்வில். இரும்போடு இரும்பை உருக்கி ஒட்டும் அக்கலையை முறையாகக் கற்பிக்கும் பட்டறை ஒன்று கல்லூரியில் அமைதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

வில் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பொத்துவில், தம்பிலுவில் முதலிய ஊர்ப்பெயர்களில் அது நீர்நிலையைக் குறிக்கும் என்பர். மின்வில்லோ வளைவினாற் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹம்பிரி டேவியும் உருசியாவிற் பெத்ரோவும் இரு கரித்துண்டுகளினிடையே மின்னோட்டத்தைச் செலுத்திப் பேரொளி கண்டனர். கரித்துண்டுகளைக் கிடையாக வைத்தபோது, சூடேறிய காற்று மேலெழுதலால் அச்சுடர் வளைந்து வில்போற் காட்சியளித்தது. 1880களில் பெனார்டோசு, ஒல்செவ்சுகி என்னும் இருவர் அச்சுடரைக் கொண்டு உலோகங்களை ஒட்டும் முறையை வகுத்தனர். 1888இல் சிலாவியானோவ் கரிக்குப் பதிலாக உலோகக் கோலையே பயன்படுத்தினார். கோல் தானே உருகி இடைவெளியை நிரப்பலாயிற்று. 1907இல் சுவீடன் நாட்டு ஒசுக்கார் கெல்பேர்க் அக்கோலுக்கு மேற்பூச்சு அமைத்துக் காப்புரிமை கோரினார். இன்று பொத்துவிற் கடைகளில் விற்கும் ஒட்டுக்கோல் அவர் கண்ட கோலின் வழித்தோன்றலேயாம்.

அதன் தொழிற்பாடு எளிமையும் வியப்பும் உடையது. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று மின்னழுத்தத்தை மாற்றி குறைத்துத் தருகின்றது. ஆனால் ஓட்டத்தைப் பெருக்குகின்றது. 3.2 மில்லிமீற்றர் பருமனுள்ள கோலுக்கு ஏறத்தாழ 100 அம்பியர் வேண்டும். கோலைத் தகட்டிலே தீண்டிச் சிறிதே உயர்த்தியதும் இடையிலுள்ள காற்று மின்கடத்தும் நிலையை அடைந்து வில் எழுகின்றது. உருக்கு உருகுதற்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசு போதும். வில்லின் வெப்பமோ 5,000 பாகையையும் கடந்தது. மேற்பூச்சு எரிந்து வாயுவாகியும் கசடாகியும் உருகிய இரும்பைக் காற்றுத் தீண்டாவண்ணம் காக்கின்றது. ஆறியபின் கசடைத் தட்டி நீக்கினால் தழும்பு போன்ற ஒட்டு வெளிப்படும்.

நம் கரையில் இவ்வில்லின்றி எத்தொழிலும் நடவாது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையின் ஓரத்தே எத்தனையோ ஒட்டுக்கடைகள் உள. உழவு இயந்திரத்தின் இழுவைப்பெட்டி, சேற்றிலோடும் இரும்புச் சில்லு, வீட்டுப் படலை, யன்னற் கம்பி, நீர்த்தாங்கியின் தாங்குகால் ஆகிய யாவும் அங்கே உருப்பெறுகின்றன, அல்லது மறுபிறப்பெய்துகின்றன. முசுலிம் சகோதரரும் தமிழரும் சிங்களவரும் ஒரே கடைவாயிலிற் காத்திருப்பர். விதைப்புக் காலத்தில் முறிந்த கலப்பையை அன்றே ஒட்டித் தருபவன், உழவனுக்கு அவ்வேளையில் வைத்தியனினும் வேண்டியவன்.

எனினும், இணைப்பு எத்தகையது என்பதைக் கண்ணாற் கண்டு தெளிதல் அரிது. மேலே அழகாக ஓடிய ஒட்டின் உள்ளே கசடு சிக்கியிருக்கலாம், துளை இருக்கலாம், தகடு உருகாமலே கோல் மட்டும் மேலே படிந்திருக்கலாம். கடற்காற்றில் ஈரமேறிய கோலினின்றும் ஐதரசன் உருக்கினுட் புகுந்து, வேலை முடிந்து பலமணி நேரங் கழித்தும் வெடிப்பை உண்டாக்கும். இவை கைப்பழக்கத்தால் மட்டும் அறியத்தக்கன அல்ல.

உலகம் இதனை அரும்பாடுபட்டே கற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கர் தறையாணியை விடுத்து மின்வில்லாற் கப்பல்களை விரைந்து கட்டினர். 1943 ஜனவரியில் சுகெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், புயலோ பகைவனோ இன்றி, துறையில் அமைதியான நீரிற் கட்டப்பட்டிருந்தபோதே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்குந் தன்மை பெறும் உருக்கு, குறையுள்ள ஒட்டு, கூரிய மூலைகளைக் கொண்ட அமைப்பு ஆகியன அத்தகைய பிளவுகளுக்குக் காரணமென ஆராய்ந்தோர் கண்டனர். தறையாணிக் கப்பலில் ஒரு தகட்டின் வெடிப்பு பெரும்பாலும் அதன் விளிம்போடு நின்றுவிடும். ஒட்டிய கப்பலிலோ அது தடையின்றி ஓடும். அன்றுதொட்டு உருக்கின் தரமும் ஒட்டின் சோதனையும் தனி அறிவுத்துறைகளாக வளர்ந்தன.

அவ்வளர்ச்சியின் பயனை நம் கடலே கண்டது. 2020 செப்டெம்பர் 3ஆந் திகதி, சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே, நியூ டயமன்ட் என்னும் பெருங்கப்பல் ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயுடன் செல்கையில் அதன் இயந்திர அறையிற் தீப்பற்றியது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். நாட்கணக்கில் தீயோடு போராட நேர்ந்தது. ஆயினும், மின்வில்லால் ஒட்டப்பட்ட அதன் எண்ணெய்த் தாங்கிகள் தாங்கி நின்றன. இயந்திர எரிபொருள் கசிந்ததேயன்றி அச்சரக்கு நம் கடலிற் கொட்டவில்லை. அவை பிளந்திருப்பின் கோமாரி முதல் அறுகங்குடா வரை மீன்பிடித்து உண்ணும் குடும்பங்களின் கதி யாதாகியிருக்கும்? ஒட்டின் உறுதி எவ்வளவு பேருடைய வாழ்வைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, ஒட்டுபவனை நோக்குவோம். மின்வில்லின் புறவூதாக் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுடும். வேலை செய்யும்போது வலி தோன்றாது. சில மணி நேரங் கழித்து, நள்ளிரவிற் கண்ணுள் மணல் வீழ்ந்தாற்போல உறுத்தி நீர் சொரியும். நம் தெருவோரக் கடைகளில் இளைஞர் சிலர் வெயிற்கண்ணாடியையே காப்பாக நம்புகின்றனர். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குறிபார்த்து ஒட்டுகின்றனர். அருகிற் சிறுவர் நின்று வேடிக்கை பார்க்கின்றனர். நாகம் பூசிய குழாயை ஒட்டினால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஒட்டுவேலையின் புகையும் அதன் புறவூதாக் கதிரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வல்லன என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் அறிஞர்குழு 2017இல் முடிவுசெய்தது. தக்க நிறக்கண்ணாடி பதித்த முகக்காப்பும் தோற்கையுறையும் காற்றோட்டமும் இக்கேடுகளைப் பெரிதும் தவிர்க்கும். இவற்றை அணிதல் கோழைமையன்று, தொழிலின் ஓர் உறுப்பு என்பதை இளமையிலேயே கற்பித்தாலன்றி அவ்வொழுக்கம் கைவராது.

கற்பிப்பவர் யார்? அம்பாறையிற் கல்லோயாத் திட்டக் காலத்தில் தோன்றிய ஹார்டி தொழினுட்ப நிறுவனம் உண்டு; சம்மாந்துறையிற் தொழினுட்பக் கல்லூரி உண்டு; ஒலுவிற் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் 2012 முதல் உண்டு. இவையிருக்கக் கல்லூரிக்குப் பட்டறை ஏன் எனச் சிலர் வினவலாம். அந்நிறுவனங்களை நாடிச் செல்பவர், அங்குச் செல்லவேண்டும் என்னும் எண்ணம் ஏற்கெனவே உடையவர். சாதாரணதரப் பரீட்சையிற் தவறி, யாரிடமும் சொல்லாது பாடசாலையை விட்டு நீங்கி, அடுத்த வாரமே ஒட்டுக்கடையிற் கோல் பிடிக்கும் மாணவனை அவை காண்பதில்லை. அவனைக் கடைசியாகக் கண்டவர் நம் ஆசிரியரே.

கைத்தொழில் புகுந்தாற் கல்லூரியின் பெயர் குன்றும் என்பார் வேறு சிலர். அவர்களுக்கு நாம் நவராத்திரியை நினைவூட்டுவோம். வாணிவிழாவில் ஏட்டைப் பூசையில் வைக்கும் நம் சமயமே, ஆயுதபூசையிற் சுத்தியலுக்கும் அரத்துக்கும் சந்தனம் சாத்துகின்றது. ஏட்டையும் கருவியையும் ஒருங்கே வணங்கிய மரபினர், கற்பிக்கையில் மட்டும் ஒன்றை உயர்த்தி மற்றதை வாயிலுக்கு வெளியே நிறுத்துவது எங்ஙனம் பொருந்தும்? அரசாங்கமும் 2013இல் உயர்தரத்திற் தொழினுட்பப் பாடத்துறையைத் தொடங்கிவிட்டது. ஒட்டுத்தொழிலுக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. கடையிற் பழகியறிந்தவரும் தம் திறனைச் சோதனையிற் காட்டி அதனைப் பெறலாம். கொழும்பிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை தேடும் இளைஞன் கையில் அச்சான்றிதழ் இருத்தலும் இல்லாதிருத்தலும் ஒன்றல்ல.

செலவு பெரிது என்பாருக்கும் விடையுண்டு. நாம் கேட்பது மாடமாளிகையன்று. காற்றோட்டமுள்ள ஒரு கொட்டகை, நான்கு ஒட்டுப்பொறிகள், முறையான நிலத்தொடுப்பு, கோல்களை ஈரமின்றி வைக்க ஒரு சூட்டுப்பெட்டி, மாணவர் தொகைக்கேற்ற முகக்காப்புகள், வாரத்தில் இருநாள் வந்து கற்பிக்கத் தேர்ந்த தொழிலாளர் ஒருவர். மாலைவேளையில் அதன் கதவு ஊர்க்கடைகளில் வேலைசெய்யும் இளைஞருக்கும், எம்மதத்தினராயினும், திறந்திருத்தல் வேண்டும். ஒட்டிய துண்டை மடக்கியும் அறுத்தும் பார்த்து உள்ளிருக்கும் குறையைத் தாமே காணும் மாணவர், பௌதிகவியலையும் இரசாயனவியலையும் அங்கேயே இரண்டாமுறை கற்பர்.

விழாக்குழுவினர் தோரணவளைவை அமைப்பதாயின், அவ்வளைவையும் அதே பட்டறையில் நம் மாணவர் கையாலேயே இரும்பில் அமைப்பிக்கலாம். பெயர் பொறிக்க விரும்பும் நன்கொடையாளருக்கும் அங்கே இடமுண்டு. பழைய மாணவர் யாவரும் இதனைச் சிந்தித்து ஆவன செய்வார்களாக.