‘வேலை’யை ‘வலே’ ஆக்கும் எளிமை

விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே நிரலைக் கொண்டு சாளரமும் பொத்தானும் உரைப்பெட்டியும் வரையவல்ல ‘எளிய’ இடைமுக நூலகங்கள் பிறந்தவண்ணம் இருக்கின்றன. (நூலகம் என்றதும் புத்தக அடுக்குகளை எண்ணிவிட வேண்டாம், பிற நிரலர்கள் எடுத்தாள்வதற்கென ஆக்கிவைத்த நிரல்தொகுப்புக்கும் அதே பெயர்தான்.) சிறியது, ஒரே கோப்பு, ஒரு மாலைக்குள் கற்றுவிடலாம் என்பன அவற்றின் விளம்பரங்கள். அவற்றுள் பலவற்றின் உரைப்பெட்டியில் ‘வேலை’ என்று தட்டினால் வகரம் தனித்து நிற்கிறது. அதற்கு முன்னால் நிற்கவேண்டிய ஏகாரக் கொம்பு பின்னால் போய் லகரத்தோடு ஒட்டி ‘வலே’ என்றாகிறது. ஐகாரக் குறி பற்றுக்கோடின்றி வரியின் கடைசியில் தொங்குகிறது. ‘தேன்’ என்பது ‘தனே’ ஆகி, னகரத்தின் தலையில் ஒரு புள்ளியையும் சுமக்கிறது. இதனைச் சிறு வழு என்று கடந்துபோக நாங்கள் ஆயத்தமாக இல்லை. எளிமை என்று இங்கே விற்கப்படுவது எளிமையே அன்று என்பது எங்கள் கட்சி.

இடைமுக நூலகம் எழுதப் புகுவோர் முன் நெடுங்காலமாக இரண்டு வழிகள் உள்ளன. அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தானையே இரவல் பெறுவது ஒன்று. ஜாவாவின் முதல் இடைமுகமான ஏ.டபிள்யூ.டி. 1996இல் இவ்வழியே வந்தது. எல்லா இடத்தும் பொதுவாக உள்ளவை மட்டுமே அதற்குக் கிட்டின. ஆகவே 1998இல் ஸ்விங் மற்ற வழிக்குத் தாவிற்று: எதையும் இரவல் வாங்காமல் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்வது. முதல் வழியில் நிரலருக்குத் தொல்லைகள் மிகுதி. எனினும் எழுத்தைக் கோக்கும் பொறுப்பை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். இரண்டாம் வழியில் செல்பவர் அந்தப் பொறுப்பையும் தம் தலையில் ஏற்கவேண்டும். ஸ்விங் ஏற்றது. க்யூடி ஏற்றது. இன்றைய எளியோர் பலர் வரைவதை மட்டும் ஏற்றுக்கொண்டு, எழுத்தை நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

எங்கே இறக்கிவிடுகிறார்கள் என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். யூனிகோடில் ‘கு’ என்பதற்குத் தனி எண் கிடையாது. ககரத்துக்கு ஓர் எண், உகரக் குறிக்கு ஓர் எண். ‘கு’ என்னும் வடிவம் எழுத்துருக் கோப்பினுள் இருக்கிறது. இவ்விரு எண்களும் அடுத்தடுத்து வந்தால் அவ்வடிவத்தை எடுத்துவை என்ற விதியும் அக்கோப்பினுள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எளிய நூலகமோ அவ்விதியைப் படிப்பதேயில்லை. ஓர் எண், ஒரு வடிவம் என்று அட்டவணை போட்டுக்கொண்டு, வந்த வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கிச் செல்கிறது. ஆகவே எழுத்துருவில் ‘கு’ இருந்தும் அதன் கைக்கு எட்டாது. உயிர் 12, மெய் 18, இவை கூடி உயிர்மெய் 216 என்பது நம் அரிச்சுவடி. கூடுதல் என்ற அந்த வினையைத்தான் இவர்கள் விட்டுவிட்டார்கள். அரபியில் எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோக்காமல் துண்டுதுண்டாய் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். முடியாது என்று சொல்லவில்லை. அது வீட்டைக் கட்டியபின் அடித்தளத்தை மாற்றும் வேலை. ஒரு வரியின் அகலம் என்ன, எவ்விடத்தில் மடிப்பது, சுட்டியை அழுத்திய இடம் எந்த எழுத்து, தெரிவுசெய்த பகுதிக்கு எங்கிருந்து எதுவரை நிறம் பூசுவது ஆகிய அனைத்தும் ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்ற அந்த ஒரே எண்ணத்தின்மேல் எழுப்பப்பட்டவை.

நேர்மையானவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. 2014இல் வெளிவந்த டியர் இம்குயி என்னும் நூலகம், விளையாட்டு ஆக்குவோரின் உட்கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது. எழுத்தைக் கோப்பதும், வலமிருந்து இடமாக எழுதுவதும், பார்வையற்றோருக்கான வசதியும் தன்னிடம் முழுமையாக இல்லை என்பதை அதன் ஆவணமே சொல்லிவிடுகிறது. சினமெல்லாம் அதனைப் பார்த்து நகலெடுத்துவிட்டு, பொதுப் பயன்பாட்டுக்கு உகந்தது என்றும் ‘யூனிகோடு ஆதரவு உண்டு’ என்றும் முகப்பில் எழுதிக்கொள்வோர் மீது. அவர்கள் அகராதியில் ஆதரவு என்பதன் பொருள், எண்களைப் பெற்றுக்கொள்வோம் என்பது மட்டுமே. மடலை வாங்கிக்கொண்டு எழுத்துகளைக் கலைத்துக் கொடுக்கும் அஞ்சற்காரரை எந்த ஊரார் பொறுப்பார்கள்?

ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் எழுதித் தருபவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று அன்பர்கள் கேட்பதுண்டு. வலுவான கேள்விதான். ஆனால் அவ்வேலையை அவர் முதலிலிருந்து செய்யவேண்டியதில்லை. ஹார்ஃப்பஸ் என்ற இலவச நிரல் எழுத்தைக் கோப்பதற்கென்றே இருக்கிறது. ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் பாரசீகச் சொற்களிலிருந்து அமைந்த பெயர். பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு யாவும் அதைக் கையாள்கின்றன. 2017இல் வந்த ஜாவா 9 தன் பழைய பொறியைக் கைவிட்டு அதற்கே மாறிற்று. சேர்த்தால் நூலகம் பருத்துவிடும், ஒரே கோப்பு என்ற அழகு கெடும் என்பது அடுத்த மறுப்பு. பருக்கட்டுமே! அது எழுத்தின் இயல்பான எடை. இப்போது அந்த எடையைச் சுமப்பவர், ‘வலே’ என்பதைக் கண்டு ‘வேலை’ என்று ஊகித்துப் படிக்கும் வாசகர்.

நம்மவருள் ஒரு சாரார் இதற்கு எதிர்த்திசையில் தீர்வு சொல்கிறார்கள். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்துவிட்டால் எந்தச் சோம்பல் நூலகமும் தமிழைச் சரியாகக் காட்டுமே என்று. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறிமுறை அவ்வகையைச் சேர்ந்தது. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் குடியிருப்பது. அந்த எண்கள் தமிழ் என்பது உலகின் பிற மென்பொருள்களுக்குத் தெரியாது. அச்சகத்துக்குள் அதன் பயனை மறுக்கவில்லை. ஆயின் நூலகம் ஆக்குவோரின் சோம்பலுக்கு ஏற்ப நெடுங்கணக்கையே வெட்டித் தரவேண்டும் என்பதை ஏற்கவியலாது.

வேறு சிலர் அலுத்துப்போய் எலக்ட்ரான் பக்கம் ஒதுங்கிவிட்டனர். அங்கே தமிழ் பிழையின்றி வரும். ஏனெனில் ஒவ்வொரு செயலியோடும் ஒரு முழு உலாவியே கட்டித் தரப்படுகிறது. குறிப்பேடு ஒன்றை நிறுவ நூறு மெகாபைட்டுக்கு மேல் இறக்கவேண்டியிருக்கிறது. எளிய நூலகங்கள் எழுத்தைத் தட்டிக்கழித்ததற்கு நாம் கட்டும் தண்டம் அது.

பார்வையற்ற வாசகரின் நிலை இன்னும் கொடிது. என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான்கள் இயங்குதளத்திடம் கேட்டே திரையில் இருப்பதை அறிகின்றன. எல்லாவற்றையும் தானே வரைந்துகொண்டு இயங்குதளத்திடம் எதையும் தெரிவிக்காத நூலகத்தில் எழுதிய செயலி, அவர்களுக்கு ஒரு வெற்றுச் சட்டகம். அங்கே ‘வலே’ கூட ஒலிக்காது.

இனி யாரேனும் புதிய நூலகம் ஒன்றைக் காட்டினால், அதன் பொத்தான்களின் மினுக்கைப் பார்க்கும் முன் உரைப்பெட்டியில் ‘கொக்கு’ என்று தட்டிப் பாருங்கள். பின்னர் வரியின் தொடக்கத்திலிருந்து வலது அம்புக்குறியை ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். இடங்காட்டி ககரத்துக்கும் ஒகரக் குறிக்கும் நடுவே போய் நின்றால், ‘யூனிகோடு ஆதரவு’ என்ற வரியை முகப்பிலிருந்து நீக்கும்படி ஆக்கியோனுக்கு ஒரு மடல் எழுதுங்கள். நாங்கள் எழுதத் தொடங்கிவிட்டோம்.