டீசலில் தண்ணீர், டிரைவர் மேல் பழி

பால் லோரி நடுவழியில் நின்றால் நட்டம் டிரைவருக்கு மட்டுமல்ல. இருட்டோடு எழுந்து வெட்டிய பால், வெயில் ஏற ஏற டாங்கியிலேயே கட்டத் தொடங்கும். அமோனியா ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். செம்பனைக் குலையானாலும் தாமதம் ஆக ஆக அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். இத்தனைக்கும் காரணம் சில வேளைகளில் டீசலில் கலந்த ஒரு குவளைத் தண்ணீர்! ஆனால் ஆபீசில் எழுதப்படுவதோ "டிரைவரின் அசட்டை" என்று. இது நியாயமா?

சுங்கை காடுட் வட்டாரத்தின் மழையும் புழுக்கமும் நாம் அறியாததல்ல. பாதி டாங்கியோடு லோரி இரவில் நின்றால், உள்ளே புகுந்த ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் இறங்குகிறது. மழையில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் கதை இன்னும் மோசம். மேல்மூடியில் தேங்கும் நீரை, இரவுக் குளிரில் அந்த டிரம் மூடியின் மரை வழியே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கூரைக்கடியில் படுக்கவைத்தால் போயிற்று. இதற்கு எந்த இஞ்சினியர் வரவேண்டும்?

இன்னொன்று. செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை 2011-இல் நமது நெகிரி செம்பிலானில் டீசலோடு 5 விழுக்காடு கலக்கத் தொடங்கினார்கள். 2019-இல் போக்குவரத்து டீசலில் அது 10 விழுக்காடாயிற்று. செம்பனை நம் உழைப்பு. அதைக் குறைகூற வரவில்லை. ஆயினும் அது சாதா டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். பழைய டாங்கிகளின் அழுக்கையும் கரைத்து பில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். நீர் தங்கிய இடத்தில் கிருமிகள் பெருகிக் கறுத்த வழவழப்பு படியும்.

பழைய லோரி இருமும், புகைக்கும், பிறகு ஓடும். புதியது அப்படியல்ல. 1,500 வாயுமண்டல அழுத்தத்துக்கும் மேலே டீசலைத் தள்ளும் பம்பிலும் இன்ஜெக்டரிலும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே டீசலேதான் மசகெண்ணெய். தண்ணீர் புகுந்தால் உலோகம் உலோகத்தை உரசும், துருவேறும்.

டிரைவர் தோழர்கள் காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கட்டும். தண்ணீர் அடியில் தனியே நிற்கும். சுத்த டீசல் வரும்வரை வடித்துவிட வேண்டும். மாலையிலேயே டாங்கியை நிரப்பிவிடுவது நல்லது. தண்ணீர் விளக்கு எரிந்தால், யார் அவசரப்படுத்தினாலும் வண்டியை நிறுத்துங்கள். ஸ்டோர் கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை: டீசல் இறக்கியவுடனே பட்டுவாடா செய்யாதீர்கள், தெளியவிடுங்கள். அளவுகோலின் நுனியில் நீர் காட்டும் பசையைத் தடவி முக்கினால், நிறம் மாறி உண்மையைச் சொல்லிவிடும்.

இன்ஜெக்டர் விலையைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று மிரட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, எவற்றைப் பிடிக்கலாம் என்று வரிசையிட்டுச் சொல்கிறது. தவறுதலாக அதிகம் கொடுத்த தொகை, முன்பணம் போன்றவை அதில் உண்டு. உடைந்த உதிரிப்பாகத்தின் விலை இல்லை.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம்: டீசல் வந்த தேதி, தண்ணீர் வடித்த தேதி, பில்டர் மாற்றிய தேதி, கிராணி டிரைவர் இருவரின் கையெழுத்து. இனி டிரைவர்மேல் விசாரணை என்று துரை அழைத்தால், கிளைச் செயலாளர் முதலில் அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைக்கச் சொல்லட்டும்.